அளவுகோலை அளத்தல்
பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் தர மதிப்பீட்டு முறை: ஒரு திறனாய்வு

1. முன்னுரை

பொதுமக்களின் வரிப்பணத்தைப் பெற்று நடைபெறும் எந்த நிறுவனமும், அப்பணத்தைக் கொண்டு தான் செய்தது என்ன என்று கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டுள்ளது. பல்கலைக்கழகம் இதற்கு விலக்கன்று. ஆனால் பல்கலைக்கழகம் விளைவிக்கும் பொருள் எத்தகையது? தறியில் நெய்த துணியை முழம் போட்டு அளக்கலாம். களத்தில் அடித்த நெல்லை மரக்காலால் அளக்கலாம். ஆசிரியர் ஒருவர் இன்று வகுப்பில் கற்பித்தது, மாணவரின் உள்ளத்தில் பத்தாண்டுகள் கழித்துப் பலன் தரக்கூடும். ஆராய்ச்சி ஒன்று அரை நூற்றாண்டுக்குப் பின்னரே மெய்யென்று நிலைநாட்டப்படக்கூடும். இவற்றை எந்த மரக்காலால் அளப்பது?

அளக்க இயலாது என்று கைவிரித்துவிட்டால், சோம்பலுக்கும் சலுகைக்கும் வாசலைத் திறந்துவிடுகிறோம். எப்படியும் அளந்தே தீருவோம் என்று புறப்பட்டால், அளக்கத்தக்கவற்றை மட்டுமே மதிக்கும் பழக்கத்திற்கு அடிமையாகிறோம். இவ்விரு ஆபத்துகளுக்கும் இடையே செல்லும் வழி குறுகியது. அவ்வழியைத் தேடிய நாடுகளுள் பிரித்தானியா முதன்மையானது. 1986 முதல் 2021 வரை அந்நாடு தன் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியை எட்டு முறை நாடளாவிய அளவில் மதிப்பிட்டுள்ளது. கற்பித்தலின் தரத்தையும் பல்வேறு முறைகளால் சோதித்துள்ளது. இத்துணை நீண்ட அனுபவம் வேறெங்கும் எளிதில் காணக் கிடைப்பதன்று.

இவ்வனுபவம் நமக்கு அந்நியமானதுமன்று. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. நம் இறையியல் பட்டங்களின் தேர்வு முறையும் அம்மரபில் வந்ததே. ஆகவே பிரித்தானிய முறையின் நிறைகுறைகளை ஆராய்வது, நம்மை நாமே ஆராய்ந்து பார்ப்பதற்கும் துணைசெய்யும். அம்முறை எக்காரணத்தால் தோன்றியது, எவ்வாறு இயங்குகிறது, தான் அளப்பதாகச் சொல்வதை உண்மையில் அளக்கிறதா என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

2. தோற்றத்தின் வரலாறு

தர மதிப்பீடு என்பது அரசாங்கம் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணுவது தவறு. 1832இல் டாரம் பல்கலைக்கழகம் தோன்றியபோது, அதன் பட்டங்கள் மதிப்பில் குறைந்தவையல்ல என்று மக்களுக்கு எவ்வாறு உறுதி கூறுவது என்ற வினா எழுந்தது. ஆக்ஸ்போர்டிலிருந்து தேர்வாளர்களை வரவழைத்து இதற்கு விடை கண்டனர். 1880இல் மான்செஸ்டரில் விக்டோரியா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, புறத்தேர்வாளர் இருந்தாக வேண்டும் என்பது அதன் சாசனத்திலேயே இடம்பெற்றது. பின்னர் இம்முறை நாடெங்கும் பரவி இன்றளவும் நிலைத்திருக்கிறது.

இம்முறையின் சிறப்பை நாம் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டும். பாடத்தைக் கற்பித்த ஆசிரியரே வினாத்தாளை அமைக்கிறார். அவரே விடைத்தாள்களைத் திருத்துகிறார். வேறொரு பல்கலைக்கழகத்தில் அதே துறையில் பணியாற்றும் ஒருவர் அவ்வினாத்தாளையும் விடைத்தாள்களையும் படித்துப் பார்த்து, தரம் சரியானதா, தீர்ப்பு நடுநிலையானதா என்று சொல்கிறார். சோதிப்பவர் அத்துறையை அறிந்தவர். சோதிக்கப்படும் பொருளைத் தம் கண்ணால் படிப்பவர். நாளை தாமும் அவ்வாறே சோதிக்கப்படப் போகிறவர். ஆதலால் அச்சோதனையில் பணிவும் பொறுப்பும் இருந்தன.

நிதியைப் பொறுத்தவரை நிலைமை வேறாக இருந்தது. 1919இல் அமைக்கப்பட்ட பல்கலைக்கழக மானியக் குழு, அரசாங்கத்தின் பணத்தைப் பெற்றுப் பல்கலைக்கழகங்களுக்குப் பகிர்ந்தளித்தது. அதன் உறுப்பினருள் பெரும்பாலோர் பேராசிரியர்களே. எந்தப் பல்கலைக்கழகத்திற்கு எவ்வளவு, எக்காரணத்தால் என்பதை அக்குழு விளக்கிச் சொல்லும் வழக்கம் இல்லை. பணம் தாராளமாக இருந்த நாட்களில் இதை எவரும் வினவவில்லை. 1981இல் அரசாங்கம் மானியத்தைக் கடுமையாகக் குறைத்தது. அக்குறைப்பை எல்லார்மேலும் சமமாக ஏற்றாமல், குழு தெரிந்தெடுத்து ஏற்றியது. சால்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் மானியத்தில் ஏறத்தாழ 44 விழுக்காட்டை இழக்க நேர்ந்தது; வேறு சில பல்கலைக்கழகங்களோ பெரும் சேதமின்றித் தப்பின. எந்த அளவுகோலால் இவ்வாறு தீர்க்கப்பட்டது என்பது வெளியே தெரியவில்லை.

இதனால் எழுந்த கசப்பே 1986ஆம் ஆண்டின் முதல் ஆய்வு மதிப்பீட்டிற்குப் பின்னணி. அப்போது குழுவின் தலைவராக இருந்தவர் கணித அறிஞர் பீட்டர் ஸ்வின்னர்ட்டன்-டயர். தெரிந்தெடுத்துத்தான் பணம் கொடுக்க வேண்டுமென்றால், அத்தெரிவு வெளிப்படையான ஆதாரத்தின்மேல் நிற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கருத்து. இதை நாம் மறக்கலாகாது. இன்று கொடுங்கோல் என்று பலராலும் பழிக்கப்படும் இம்முறை, தன் பிறப்பில், இருட்டறைத் தீர்ப்புகளுக்கு மாற்றாக வந்த ஒரு சீர்திருத்தம்.

3. ஆராய்ச்சியை மதிப்பிடும் விதம்

1986ஆம் ஆண்டின் முறை எளியது. ஒவ்வொரு துறையும் தன் ஆராய்ச்சியைப் பற்றிய சுருக்கமான அறிக்கையையும் தன் சிறந்த வெளியீடுகளுள் ஐந்தையும் அனுப்பியது. பின்னர் 1989, 1992, 1996, 2001, 2008 ஆகிய ஆண்டுகளில் முறை படிப்படியாக விரிந்தது. 1992இல் பாலிடெக்னிக்குகளும் பல்கலைக்கழகங்களாக உயர்த்தப்பட்டு மதிப்பீட்டில் சேர்ந்தன. 1996 முதல் ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவரும் நான்கு வெளியீடுகள் வரை சமர்ப்பிக்கலாயினர். 2014 முதல் இது ‘ஆய்வு மேன்மைச் சட்டகம்’ என்ற பொருள்படும் புதிய பெயரைப் பெற்றது.

2021ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் 157 நிறுவனங்கள் பங்கேற்றன. 76,132 ஆசிரியர்களின் 1,85,594 வெளியீடுகள் 34 துறைக்குழுக்களின் முன் வைக்கப்பட்டன. இறையியலும் சமயவியலும் சேர்ந்து அவற்றுள் ஒரு குழுவாகும். வெளியீடுகளுக்கு 60 விழுக்காடு, கல்வியுலகிற்கு வெளியே ஆராய்ச்சி விளைவித்த தாக்கத்திற்கு 25 விழுக்காடு, ஆராய்ச்சிச் சூழலுக்கு 15 விழுக்காடு என்று மதிப்பு பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வெளியீடும் நான்கு நட்சத்திரங்களில் ஒன்று முதல் நான்கு வரை பெறும். எத்தகுதியும் பெறாது போவதும் உண்டு. நான்கு நட்சத்திரம் என்பது உலகில் முன்னணி வகிப்பது; மூன்று, அனைத்துலக அளவில் மேன்மையானது; இரண்டு, அனைத்துலக அளவில் அங்கீகாரம் பெற்றது; ஒன்று, தேசிய அளவில் அங்கீகாரம் பெற்றது. இங்கிலாந்தில் மானியம் பெறுவது முதல் இரண்டு படிகள் மட்டுமே.

இம்முறையின் நற்பயன்களை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்று, இதன் நடுவில் இன்றும் வாசிப்பு இருக்கிறது. எத்தனை பேர் மேற்கோள் காட்டினர், எந்த இதழில் வெளிவந்தது என்பவற்றை மட்டும் கணக்கிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல், துறையறிந்தோர் நூலையும் கட்டுரையையும் படித்தே தீர்ப்பிடுகின்றனர். எண்களைக் கொண்டே வேலையை முடித்துவிடலாமா என்ற வினாவை ஆராய்ந்து 2015இல் ஜேம்ஸ் வில்ஸ்டன் தலைமையில் வெளிவந்த அறிக்கையும், எண்கள் அறிஞரின் தீர்ப்புக்குத் துணைநிற்கலாமேயன்றி அதன் இடத்தைப் பிடிக்கலாகாது என்ற முடிவுக்கே வந்தது. இரண்டு, பழம்பெருமையில்லாத நிறுவனங்களிலும் சிறந்த ஆராய்ச்சி நடைபெறுவதை இம்முறை வெளிக்கொணர்ந்தது. பெயரை வைத்து மதித்த காலத்தில் இது நிகழ்ந்திராது. மூன்று, நெடுநாள் உழைப்பில் விளைந்த பெருநூல் ஒன்றை இரண்டு வெளியீடுகளுக்குச் சமமாகக் கொள்ளும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. மானிடவியல் துறைகளின் இயல்பை அறிந்து செய்த ஏற்பாடு இது.

4. மதிப்பீடு எங்கே வழுவுகிறது?

இனிக் குறைகளுக்கு வருவோம். செலவு மிகுதி என்பதே அடிக்கடி கேட்கப்படும் குறை. 2014ஆம் ஆண்டின் மதிப்பீட்டிற்கு 24 கோடியே 60 இலட்சம் பவுனும், 2021ஆம் ஆண்டினதற்கு 47 கோடியே 10 இலட்சம் பவுனும் செலவாயின என்று கணிக்கப்பட்டுள்ளது. தொகை பெரிதெனினும், அதை ஆதாரமாகக் கொண்டு பல ஆண்டுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் நிதியோடு ஒப்பிட்டால் சிறு பகுதியே. ஆகவே செலவை முதன்மைக் குறையாகக் கொள்வதற்கில்லை. ஆழமான குறைகள் வேறு உண்டு.

முதலாவது, காலத்தைப் பற்றியது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் அறிஞர் பீட்டர் ஹிக்ஸ் 1964இல் தம் பெயர் விளங்கும் துகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அத்துகள் உண்டென்பது 2012இல்தான் சோதனையால் உறுதியாயிற்று. 1964க்குப் பின் அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. 2013இல் நோபல் பரிசு பெறவிருந்த நாட்களில், இன்றைய கல்வியுலகில் தமக்கு வேலையே கிடைத்திராது என்று அவர் ஒரு நாளிதழுக்குத் தெரிவித்தார். மெய்யியல் அறிஞர் விட்கென்ஸ்டைன் தம் வாழ்நாளில் வெளியிட்ட மெய்யியல் நூல் ஒன்றே. கேம்பிரிட்ஜில் அவர் கற்பித்த காலத்துச் சிந்தனையின் பெரும்பகுதி 1951இல் அவர் மறைந்த பின்னரே அச்சேறியது. இத்தகையோரை எடுத்துக்காட்டி முறை முழுவதையும் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது நேர்மையான வாதமாகாது. எழுதாதோர் அனைவரும் ஹிக்ஸ் அல்லர். எந்த முறையையும் மேதைகளுக்கென்றே வகுக்க இயலாது. மேலும், 2016இல் நிக்கலஸ் ஸ்டெர்ன் அளித்த பரிந்துரைகளின் வழியே முறை திருத்தப்பட்டது. 2021இல் ஒருவர் குறைந்தது ஒரு வெளியீடு தந்தால் போதும். துறை முழுவதும் சேர்ந்து ஆளுக்கு இரண்டரை வீதம் தந்தால் சரி என்றாயிற்று. குறையைக் கேட்டுத் திருந்தும் இயல்பு இம்முறைக்கு உண்டென்பதற்கு இது சான்று.

இரண்டாவது, மனிதரைத் தரம் பிரித்தது. 2014 வரை எந்த ஆசிரியர்களின் பெயர்களை அனுப்புவது என்பதைப் பல்கலைக்கழகங்களே தீர்மானித்தன. பெயர் விடுபட்டவர் ஆராய்ச்சி செய்யாதவர் என்று முத்திரையிடப்பட்டார். அவருக்கு அதிக வகுப்புகள் ஒதுக்கப்பட்டன; சிலர் கற்பித்தலுக்கு மட்டுமேயான பணி ஒப்பந்தங்களுக்கு மாற்றப்பட்டனர். கற்பித்தல் என்பது ஆராய்ச்சியில் தவறியவருக்கு விதிக்கப்படும் தண்டனை போலாயிற்று. நம்மிடையேயும் ஆராய்ச்சிக்கு ‘வாய்ப்பு’ என்றும் கற்பித்தலுக்குப் ‘பாடச்சுமை’ என்றும் சொல்லும் வழக்கம் இருப்பதை இங்கு எண்ணிப்பார்க்கலாம். ஒரு நிறுவனம் எதை நேசிக்கிறது என்பதை அது வழங்கும் பெயர்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் நுண்மையானது: மதிப்பீட்டுச் சொற்களைப் பற்றியது. உலகு, அனைத்துலகு, தேசம் என்று படிகள் அமைந்துள்ளன. இச்சொற்கள் தரத்தைக் குறிப்பனவேயன்றி, ஆராயப்பட்ட பொருளின் இடத்தையோ வாசகரின் நாட்டையோ குறிப்பனவல்ல என்று விதிகள் தெளிவாகவே கூறுகின்றன. அவ்விளக்கத்தை ஏற்போம். ஆயினும் தரத்திற்கு நிலப்பரப்பின் பெயரை இட்டபின், அப்பெயர் தன் வேலையைச் செய்யாமல் விடுவதில்லை. வேல்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றின் திருச்சபைப் பதிவேடுகளை, வேல்சு மொழியில், அவ்வூரார் படிக்கும்படி ஒருவர் ஆராய்ந்து எழுதுகிறார் என்று கொள்வோம். அவர் செய்தது உண்மையான, பிழையற்ற, எவரும் முன்பு செய்திராத பணியாயிருக்கலாம். ஆயினும் தம் பணியின் பெயர் ‘தேசிய அங்கீகாரம்’ என்னும் கடைப்படியை நினைவூட்டும் என்று அவர் அஞ்சுவார். அடுத்த முறை வேறு பொருளைத் தேடுவார். எந்தக் குழுவும் அவரைத் தண்டிக்கவில்லை; அவரே தம்மைத் திருத்திக்கொண்டார். மதிப்பீட்டின் மிகப் பெரிய ஆற்றல் அது வழங்கும் தீர்ப்பில் இல்லை. அத்தீர்ப்பை எதிர்பார்த்து மனிதர் முன்கூட்டியே மாறிவிடுவதில் இருக்கிறது.

5. கற்பித்தலை அளக்க முயன்றது

ஆராய்ச்சி மதிப்பீட்டைக் காட்டிலும் கற்பித்தல் மதிப்பீட்டின் கதை வருந்தத்தக்கது. 1993 முதல் இங்கிலாந்தில் மதிப்பீட்டாளர் துறைகளுக்கு நேரில் சென்றனர், வகுப்பறைகளில் அமர்ந்து கேட்டனர், மாணவருடன் உரையாடினர். 1995 முதல் பாடத்திட்டம், கற்பித்தல், மாணவர் முன்னேற்றம், மாணவருக்கான துணை, நூலக வசதி முதலியவை, தர நிர்வாகம் என ஆறு கூறுகள் வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றிற்கும் நான்கு வீதம் 24 மதிப்பெண்கள் குறிக்கப்பட்டன. 1997இல் இப்பணி புதிதாக நிறுவப்பட்ட தர உறுதி முகமையிடம் வந்தது. துறைகள் விரைவில் தேர்வெழுதும் கலையைக் கற்றுக்கொண்டன. ஓர் அறை நிறையக் கோப்புகள் அடுக்கப்பட்டன. மதிப்பெண்கள் உச்சியை நெருங்கின. எல்லாரும் உயர்ந்த மதிப்பெண் பெற்றபின், அம்மதிப்பெண் எவரையும் வேறுபடுத்திக் காட்டவில்லை. ஆசிரியரின் சலிப்பும் மேலிட, 2001ஆம் ஆண்டோடு அம்முறை கைவிடப்பட்டது.

அதன்பின் வந்தது என்ன? 2005இல் இறுதியாண்டு மாணவரின் மனநிறைவைக் கேட்டறியும் நாடளாவிய வினாப்பட்டியல் தொடங்கியது. 2017இல் பல்கலைக்கழகங்களுக்குப் பொன், வெள்ளி, வெண்கலம் என்று பதக்கம் வழங்கும் கற்பித்தல் மதிப்பீடு அறிமுகமாயிற்று. மாணவரின் மனநிறைவு, படிப்பை இடையில் விடாமை, பட்டத்திற்குப் பின் வேலை ஆகியவற்றைப் பற்றிய எண்களும், நிறுவனம் தன்னைப் பற்றித் தானே எழுதிய அறிக்கையும் இதற்கு ஆதாரங்கள். ஆராய்ச்சியில் மிக உயர்ந்த இடத்திலிருந்த இலண்டன் பொருளியல் பள்ளிக்கு அவ்வாண்டு வெண்கலமே கிட்டியது. ஆராய்ச்சிப் பெருமை கற்பித்தலின் குறையை மூடிவிடலாகாது என்று நினைவூட்டிய அளவில் இது நன்றே. ஆனால் கற்பித்தலை மதிப்பிடும் இத்திட்டத்தில் மதிப்பீட்டாளர் எவரும் எந்த வகுப்பறையிலும் அடியெடுத்து வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய முறை கோப்புகளில் மூழ்கியதெனினும், வகுப்பில் அமர்ந்து கேட்டது. புதிய முறை செலவைக் குறைத்தது, கேட்பதையும் விட்டுவிட்டது.

மாணவரின் மனநிறைவு பயனற்ற சான்றன்று. வகுப்புக்கு வராத ஆசிரியரையும், விடைத்தாளைத் திருப்பித் தராத ஆசிரியரையும் மாணவரே முதலில் அறிவர். ஆனால் கற்றலின் முக்கியமான கட்டங்கள் பல மனநிறைவு தருவனவல்ல. தான் உறுதியென்று நம்பியிருந்த ஒன்று ஆட்டங்காணும்போது மாணவர் கலங்குகிறார். எபிரேய வினைச்சொற்களை மனனம் செய்யும் மாதங்களில் எவரும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. அவ்வேளையில் அவரிடம் வினாப்பட்டியலை நீட்டினால் கிடைக்கும் விடை, அவர் பத்தாண்டு கழித்துத் தரும் விடையாயிராது.

6. திறனாய்வாளர்களைப் பற்றிய திறனாய்வு

இம்முறையைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர் சிலர் உளர். கணக்கியல் பேராசிரியர் மைக்கேல் பவர், 1997இல் வெளியிட்ட ‘தணிக்கைச் சமுதாயம்’ என்னும் நூலில், தற்காலத் தணிக்கை பல வேளைகளில் பணியைச் சோதிப்பதில்லை, பணியைச் சோதிப்பதற்கென்று நிறுவனம் வைத்திருக்கும் ஏற்பாடுகளையே சோதிக்கிறது என்று காட்டினார். நூலின் துணைத்தலைப்பில் இதனைச் ‘சடங்கு’ என்றே அவர் குறிப்பிடுகிறார். சடங்கின் பலமும் அதன் வெறுமையும் நாம் அறிந்தவையே. அதே 1997இல் மானிடவியல் அறிஞர் மேரிலின் ஸ்ட்ராதர்ன், அளவுகோலே இலக்காகிவிட்டால் அது நல்ல அளவுகோலாக இருப்பது நின்றுவிடும் என்ற கருத்தைப் பல்கலைக்கழகங்களுக்குப் பொருத்திக் காட்டினார். பணக்கொள்கையைப் பற்றிப் பொருளியல் அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் கூறியதின் விரிவு இது. மெய்யியல் அறிஞர் ஒனோரா ஓநீல், 2002இல் வானொலியில் நிகழ்த்திய ரீத் சொற்பொழிவுகளில், நம்பிக்கையை மீட்கவென்று கொண்டுவரப்பட்ட கண்காணிப்பு முறைகள் நம்பிக்கையை மேலும் குலைக்கக்கூடும் என்று எச்சரித்தார். கண்காணிப்பே வேண்டாமென்று அவர் கூறவில்லை. பணியின் இயல்பை அறிந்த, அறிவார்ந்த பொறுப்புரைத்தல் வேண்டும் என்றார். இலக்கிய வரலாற்றறிஞர் ஸ்டீபன் காலினி 2012இல் வெளியிட்ட நூலில், பல்கலைக்கழகம் எதற்காக என்னும் வினாவைக் கேட்காமலே அதன் விளைச்சலை அளக்க முனைவதன் அபத்தத்தைச் சுட்டினார்.

இவர்களுடைய நோயறிதலை இக்கட்டுரையாளர் பெரும்பாலும் ஏற்கிறார். எனினும் இவர்களை, சிறப்பாக இவர்களைப் பின்பற்றி எழுதுவோரை, நோக்கி ஒரு வினா எழுப்ப வேண்டியுள்ளது. மதிப்பீடு இல்லாதிருந்த காலம் நீதியான காலமா? 1981ஆம் ஆண்டின் அனுபவம் அவ்வாறு கூறவில்லை. அறிஞர்கள் ஒருவரையொருவர் நம்பி வாழ்ந்த பழைய உலகம் சிறியது. அதற்குள் நுழைந்தவர் பெரும்பாலும் ஒரே வகைப் பள்ளிகளிலிருந்தும் குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள். உள்ளே இருந்தவருக்கு அது நம்பிக்கை; வெளியே நின்றவருக்கு அதுவே மூடிய கதவு. பெண்களும் எளிய குடும்பத்தினரும் புதிய நிறுவனங்களின் ஆசிரியரும் எழுத்திலுள்ள விதியையும் வெளிப்படையான அளவுகோலையும் விரும்பியதற்குக் காரணம் உண்டு. மதிப்பீட்டைக் கண்டிப்போர் இதற்கு விடைசொல்லாதவரை, அவர்களுடைய கண்டனம் இழந்த சலுகைக்கான புலம்பலாகவே பிறர் காதில் விழும்.

அப்படியானால் முடிவு என்ன? குறை, மதிப்பிடுவதில் இல்லை. ஒரே மதிப்பீட்டின்மேல் இரண்டு வேலைகளை ஏற்றியதில் இருக்கிறது. பணியைத் திருத்துவது ஒரு வேலை. பணத்தையும் தகுதிவரிசையையும் தீர்மானிப்பது மற்றொரு வேலை. தன் குறையை உள்ளபடி சொல்லக் கேட்டு வழிகாட்ட வருபவரின் கையிலேயே பணப்பையும் இருந்தால், எவரும் அவரிடம் தம் குறையைச் சொல்லமாட்டார். குறையை மறைக்கும் திறமையே வளரும். புறத்தேர்வாளர் முறை இன்றளவும் பயன்படுவதற்கு ஒரு காரணம், புறத்தேர்வாளரின் அறிக்கையால் எவருடைய மானியமும் நேரே கூடுவதோ குறைவதோ இல்லை என்பதே.

7. நம் நாட்டு நிலை

இந்தியாவில் 1994இல் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு, அதாவது ‘நாக்’, பெங்களூரில் நிறுவப்பட்டது. குழு வருகிறது என்றால் சுவர்களுக்கு வெள்ளையடிப்பதும், ஆண்டுக்கணக்கில் எழுதப்படாத பதிவேடுகளை ஒரே வாரத்தில் எழுதி முடிப்பதும் கல்லூரிகளில் பணியாற்றுவோர் அறிந்தவையே. தகுதிப் புள்ளி நிறுவனத்தின் வாழ்வையே தீர்மானிக்கும் என்றானபின், அதை விலைகொடுத்து வாங்கும் சோதனையும் எழுகிறது. 2025 பெப்ரவரியில், ஆய்வுக்குழுவைச் சேர்ந்தோர் இலஞ்சம் பெற்றனர் என்ற குற்றச்சாட்டின்பேரில் மத்தியப் புலனாய்வுத் துறை கைதுகள் செய்ததை நாளிதழ்களில் கண்டோம்.

ஆராய்ச்சியில் நாம் செய்த பிழை வேறு வகையானது. பிரித்தானியர் படித்து மதிப்பிட்டனர். நாம் எண்ணி மதிப்பிட்டோம். 2010ஆம் ஆண்டின் விதிகள் ஆசிரியரின் வெளியீடுகளுக்குப் புள்ளிகள் வகுத்தன. முனைவர் பட்ட மாணவரும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற விதி 2009இல் வந்து 2022இல் நீங்கியது. இவற்றால் பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. பல்கலைக்கழக மானியக் குழு தானே அங்கீகரித்திருந்த பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை நீக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பதிலாக வந்த பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. கட்டுரையைப் படித்துப் பார்க்கும் உழைப்பிலிருந்து தப்பவே பட்டியல் தேவைப்படுகிறது என்பதே இதன் படிப்பினை.

8. இறையியல் கல்லூரிகளுக்கு

1818இல் நிறுவப்பட்ட செராம்பூர்க் கல்லூரி, 1827இல் டென்மார்க்கு மன்னரின் சாசனத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. 1918ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அதன் செனட், இணைந்த இறையியல் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுத்து, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கிவருகிறது. இம்முறை சிறிய கல்லூரிக்கும் பெரிய கல்லூரிக்கும் ஒரே தரத்தை உறுதிசெய்தது. பட்டத்தின் மதிப்பைக் காத்தது. ஆனால் பொதுத் தேர்வு மாணவரை மட்டுமே சோதிக்கிறது. ஆசிரியரைச் சோதிக்கும் பொறுப்பை நாமே ஏற்கவேண்டும். அதற்கு இப்பிரித்தானிய அனுபவத்திலிருந்து நான்கு காரியங்களை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, ஆசிரியர் ஒருவர் மற்றவரின் வகுப்பில் ஆண்டுக்கு இருமுறையேனும் அமர்ந்து கேட்கட்டும். இதற்குப் படிவமோ புள்ளியோ வேண்டாம். கேட்டவரும் கற்பித்தவரும் தனித்திருந்து உரையாடினால் போதும். அவ்வுரையாடல் முதல்வரின் கோப்புக்குச் செல்லலாகாது.

இரண்டாவது, ஒருவர் எழுதியதை உடன்பணியாளர் படிக்கட்டும். ஆண்டறிக்கையில் வெளியீடுகளின் பட்டியல் இடம்பெறுகிறது. பட்டியலில் உள்ளதைப் படித்தவர் எத்தனை பேர்? படித்துக் கருத்துரைக்கும் ஒரு மாலைப்பொழுது, பத்துப் புள்ளிகளைவிட ஆசிரியரைத் திருத்தும்.

மூன்றாவது, பட்டம் பெற்றுச் சென்று பத்தாண்டுகள் ஊழியம் செய்த ஆயர்களிடம் கேட்போம். நாம் கற்பித்தவற்றுள் எது நின்றது, எது உதிர்ந்தது, எது கற்பிக்கப்படாமல் போனது என்பதை அவர்களே அறிவர். இறுதியாண்டு மாணவரின் வினாப்பட்டியலைவிட இது மேலான சான்று. மூப்பருக்குள் எழுந்த பூசலின் நடுவிலும், இளைஞன் ஒருவனின் சடலத்தருகிலும் நின்று பேசியவருக்கே தம் இறையியல் படிப்பின் எடை தெரியும்.

நான்காவது, தமிழில் எழுதுவதை மதிப்பில் தாழ்ந்ததாக எண்ணும் மனப்பான்மையை விடுவோம். சபையார் படிக்கும் மொழியில் ஒரு விளக்கவுரையைப் பிழையின்றி எழுதுவது, அயல்நாட்டு இதழில் கட்டுரை வெளியிடுவதைவிட எளிதன்று. பல வேளைகளில் கடினமானது. அது தேசியப் படியா, உலகப் படியா என்று கேட்பது பொருளற்றது. உண்மையா, தெளிவா, தேவையா என்பவையே அதனிடம் கேட்கத்தக்க வினாக்கள்.

உக்கிராணக்காரன் கணக்கு ஒப்புவித்தே ஆகவேண்டும். அதில் ஆசிரியருக்கு விலக்கில்லை. ஆனால் கணக்கைக் கேட்பவர் பணியை அறிந்தவராகவும், பணியைத் தாமே பார்ப்பவராகவும், தாமும் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவராகவும் இருக்கவேண்டும். இம்மூன்றும் கூடிய இடத்தில் மதிப்பீடு கல்வியை வளர்க்கும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கல்விக்குப் பதிலாகக் கோப்புகளே வளரும். பெரும் பல்கலைக்கழகங்களுக்கு இம்மூன்றையும் ஒருங்கே பெறுவது அரிது. ஒருவரையொருவர் பெயர்சொல்லி அறிந்த சிறிய ஆசிரியர் குழுக்களைக் கொண்ட நம் இறையியல் கல்லூரிகளுக்கு அரிதன்று. நாம் மனம் வைத்தால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.